ஒலியினூடே ஒளி: இராமன்–நாத் கொள்கையும் அதன் பிற்கால வழித்தடமும்

சேர் சி. வி. இராமன் என்றதும் நம்மவர் 1928 ஆம் ஆண்டின் சிதறல் ஆய்வையே நினைப்பர். பெங்களூரில் இளம் ஆய்வாளர் நாகேந்திர நாத்துடன் 1935–36 இல் அவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் அத்துணை பேசப்படுவதில்லை. நாத்தின் பெயரோ அதனினும் குறைவு.

செவிக்கெட்டாத கழியொலி செல்லும் திரவத்தில் அடர்த்தி அலையலையாக மாறும். முறிவுச் சுட்டியும் உடன் மாறும். அதனூடு புகும் ஒளி பல கற்றைகளாகப் பிரிவதை 1932 இல் அமெரிக்காவில் டெபாயும் சியர்சும், பிரான்சில் லூக்காசும் பிக்காரும் கண்டனர். அக்கற்றைகளின் செறிவைக் கணித்துக் காட்டியது இராமன்–நாத் கொள்கை. ஓடும் ஒலியலை ஒளியின் மீடிறனையும் மாற்றும் என்பதும் அக்கட்டுரைகளுள் ஒன்றில் ஆராயப்பட்டது.

இம்மீடிறன் மாற்றமே மருத்துவ ஆய்வுக்கு உதவியது. உயிரிழையத்துள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு அப்பால் ஒளி சிதறிவிடும். கழியொலியோ ஆழத்திலும் குவியும். அக்குவியத்தைக் கடக்கும் ஒளியின் ஒரு பகுதி மீடிறன் மாறி, அடையாளம் பெற்று வெளிவரும். 2011 இல் செயின்ற் லூயிசில் லிகோங் வாங் குழுவினர், இழையம்போல் ஒளியைச் சிதறடிக்கும் ஊடகமொன்றில், அவ்வொளியை மட்டும் பிரித்துப் பதிந்து அதன் அலைமுகத்தைத் திருப்பியனுப்பினர். வந்த வழியே மீண்ட ஒளி கழியொலிக் குவியத்திற் திரண்டது.

இதைக் கொண்டு, யாவும் அன்றே நம்மவர் கண்டவை எனல் வரலாறாகாது. இராமன் எடுத்துக்கொண்டது தெளிந்த திரவம். இழையத்தின் ஒழுங்கின்மை அச்சமன்பாடுகளில் இல்லை. லேசர் தோன்றியது 1960 இல். அதன் துணையால் அலைமுகத்தைத் திருப்பும் முறையைச் சோவியத் ஆய்வாளர் அறிவித்தது 1972 இல்.