எட்டு ரூபாயில் ஒரு வரலாறு

பழங்காசு சேர்ப்பது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆண்டுக்கு ஒன்று, நாணயச்சாலைக்கு ஒன்று எனத் தேடித் திரிவோர்க்கு அது உண்மையாகவே தோன்றும். அருகிப்போன ஓர் ஆண்டின் காசு ஒன்றே ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவை விழுங்கிவிடக்கூடும். ஆனால் வகைக்கு ஒன்று போதும் எனத் தீர்மானித்துக்கொள்பவர்க்குக் கணக்கு வேறாகிறது. வரலாற்றை உரைப்பது காசின் அருமையன்று. அதன்மேல் பொறிக்கப்பட்ட முத்திரையின் மாற்றமே ஆகும். நம் நாட்டு வெள்ளி ரூபாயே இதற்குச் சிறந்த சான்று.

1540 முதல் 1545 வரை தில்லியை ஆண்ட ஷேர் ஷா சூரி, ஏறத்தாழ 178 கிரெய்ன் எடையில் வெள்ளி நாணயம் வெளியிட்டார். ரூபாய் என்னும் பெயர் அதனோடு நிலைபெற்றது. அவருடைய காசுகளில் ஒருபுறம் கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் அமைய, மறுபுறம் நாகரி எழுத்திலும் அரசர் பெயர் இடம்பெற்றது. முகலாயரும் அந்த எடைமுறையைப் பின்பற்றினர். புனித வாசகம் கண்ட கைகளிலும் கால்களிலும் படுவது தகாது எனக் கருதிய ஔரங்கசீப், தம் காசுகளில் கலிமா பொறிப்பதை நிறுத்தினார்.

ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே காசு அடிக்கத் தொடங்கியபோது தங்கள் பெயரில் அடிக்கத் துணியவில்லை. மக்கள் நம்பியது முகலாய முத்திரையை. எனவே சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் பேரரசர் பெயர் தாங்கிய ஆற்காட்டு ரூபாயையே அடித்தனர். வங்காளத்திலோ, ஷா ஆலத்தின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டைப் பொறித்த காசு ஆண்டுகள் பல கடந்தும் மாறாமல் வெளிவந்தது. பழைய ஆண்டுக் காசுக்குச் சராப்புகள் வட்டம் பிடித்ததைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

தென்னகத்தில் அதுவரை கணக்கு வராகனில் நடந்துவந்தது. 1818இல் சென்னை அரசு வெள்ளி ரூபாயைத் தன் அடிப்படை நாணயமாக்கியது. 180 கிரெய்ன் எடை, அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பது அதன் அளவு. இதே அளவைத்தான் 1835ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் விதித்தது. வகைக்கு ஒன்று சேர்ப்பவர் இங்கிருந்து தொடங்குவது நலம். இதற்கு முந்தியவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்டு மகிழலாம்.

முதற்காசு 1835ஆம் ஆண்டினது. நான்காம் வில்லியம் தலை பொறித்தது. இரண்டாவது 1840ஆம் ஆண்டின் விக்டோரியா காசு. இரண்டிலும் மறுபுறம் கம்பெனியின் பெயரும், பார்சி எழுத்தில் ‘யக் ரூபியா’ என்பதும் உண்டு. மூன்றாவது 1862ஆம் ஆண்டினது. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்துவிட்டதால் அதன் பெயர் மறைந்தது. விக்டோரியாவின் தலையில் முடி ஏறியது. பார்சி எழுத்தும் நீங்கியது. நான்காவது, 1877 முதல் வந்த காசு. அரசி என்றிருந்த பட்டம் அதில் பேரரசி என மாறிற்று. ஐந்தாவது, 1903 முதல் 1910 வரை வந்த ஏழாம் எட்வர்டின் காசு. அரசர் முடியின்றித் தோன்றுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பார்சி எழுத்தும் திரும்பி வருகிறது.

ஆறாவது ஐந்தாம் ஜார்ஜின் காசு. 1911இல் வெளிவந்தபோது அரசரின் அங்கியில் இருந்த யானை, குட்டைத் துதிக்கையாலும் கால்களாலும் பன்றிபோல் காணப்பட்டது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டனர், எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் அக்காசை மீட்டு உருக்கி, யானையைத் திருத்தி 1912 முதல் புதிதாக அடித்தது. 1911ஆம் ஆண்டுக் காசு இன்று விலை மிகுந்தது. அது வேண்டாம், பின்வந்த எளிய காசொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், திருத்தப்பட்ட யானையே அந்தக் கதையைச் சொல்லும். 1918, 1919ஆம் ஆண்டுக் காசுகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. முதல் உலகப் போரில் வெள்ளி முடைப்பட்டு, 1917 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. அமெரிக்கா 25 கோடிக்கும் மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அவ்வெள்ளி இங்கு வந்து ரூபாயாயிற்று.

ஏழாவது, ஆறாம் ஜார்ஜின் 1938ஆம் ஆண்டுக் காசு. 1939ஆம் ஆண்டினது அரியது, போலிகளும் மிகுதி, எனவே 1938 போதும். எட்டாவது, 1940 முதல் 1945 வரை வந்தது. எடை மாறவில்லை, வெள்ளி மட்டும் பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளி முற்றும் நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது. வரிசையின் முடிவைக் காட்ட அதையும் அருகில் வைக்கலாம்.

வாங்கும்போது சில விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். எந்த வகையிலும் மிகுதியாக அடிக்கப்பட்ட ஆண்டையே தேர்க. தேய்ந்த காசாயினும் முகமும் எழுத்தும் தெளிவாயிருந்தால் போதும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிய காசைத் தவிர்க, வீட்டிலும் துலக்காதிருங்கள். மாலையில் கோப்பதற்கு வளையம் பற்றவைத்திருந்த காசு மலிவாய்க் கிடைக்கும். வேறு கிடைக்கும் வரை இடத்தை நிரப்ப அது உதவும். தட்டார் தராசில் நிறுத்துப் பாருங்கள்: 11.66 கிராமுக்குத் தேய்மானத்தால் சற்றுக் குறையலாம்; பெரிதும் குறைந்தால் ஐயுறுக. நூறாண்டு கடந்த நாணயத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதையும் மறவாதீர்கள்.

எனினும், பலர் கடைக்குச் செல்ல வேண்டிய தேவையே இராது. நம் பாட்டிமார் பெட்டகங்களில் இக்காசுகள் இன்னும் துணியில் முடிந்து கிடக்கின்றன. வெள்ளி விலை ஏறுந்தோறும் அவை உலைக்குப் போகின்றன. தராசுக்கு 1835உம் ஒன்றே, 1938உம் ஒன்றே. இரண்டிலும் உள்ள வெள்ளி 10.69 கிராம். கம்பெனி மறைந்ததையோ, பார்சி எழுத்து மீண்டதையோ, யானை திருந்தியதையோ தராசு அறியாது. தேவைக்கு விற்பதில் குற்றமில்லை. விற்குமுன் முடிச்சை அவிழ்த்து, வகைக்கு ஒன்றைப் பிரித்தெடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எட்டுக் காசிலும் சேர்ந்திருப்பது ஏறத்தாழ 80 கிராம் வெள்ளியே. அதை விற்றுக் காணும் ஆதாயம் சிறிது. உருகிப்போனால் அந்த நூற்றுப்பத்து ஆண்டுகளை மீண்டும் கையில் எடுத்துக் காட்ட இயலாது.