பேர் மாத்தினதும் கிராக்கி ஏறின நாய்க்குட்டிகள்

புளியங்குடியில இருந்து மதுரை ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா ராஜபாளையம். நாய்க்குப் பேர்போன ஊர். அங்க போறதுக்கு முன்னாடி ஆஸ்திரேலியா போயிட்டு வந்துருவோம்.

1989. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய் பழக்குற ஒரு மெல்போர்ன் நிறுவனம். அங்க இனப்பெருக்கத்தைப் பார்த்துக்கிட்டவர் வாலி கான்ரன். ஹவாயில ஒரு பெண்மணி நாய் கேட்டாங்க. ஆனா கணவருக்கு நாய்முடி அலர்ஜி. கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூணு குட்டி. பழக்கி வளர்க்க வீடு தேடினா, "கலப்பு நாயா? வேண்டாம்"னுட்டாங்க. உடனே 'லாப்ரடூடில்'னு புதுசா ஒரு பேர் வச்சார். போன் மேல போன்! குட்டிங்க என்னவோ அதே குட்டிங்கதான்.

அப்புறம் யார் யாரோ எதையும் எதோடயும் சேர்த்து வித்தாங்க. தாய், தகப்பன் நாய்க்கு இடுப்பு, கண் பரிசோதனை பண்ணாதவங்களும் அதுல உண்டு. முடி கொட்டாதுன்னும் உறுதி கிடையாது. 2019-ல ஒரு பாட்காஸ்ட்லதான் கான்ரன் மனசு விட்டுச் சொன்னார், வாழ்க்கையிலேயே தனக்குப் பெரிய வருத்தம் இதுதான்னு.

சரி, நாட்டு நாய் வாங்கினா தப்பிச்சோமா? 2005-ல தபால்தலையிலயே வந்த ராஜபாளையத்தை எடுத்துக்குவோம். பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, இதுக்குத்தான் மவுசு. ஆனா தோலுக்கு நிறம் கொடுக்குற செல்கள் உள்காதுக்கும் வேணும். வெள்ளையையே தேடித் தேடிச் சேர்த்ததுல, காது கேக்காத குட்டிகள் இந்த இனத்தோட பழைய சிக்கல். இதுக்கும் காரணம் அழகுக்கு வாங்குற நாமதான்.

குட்டி பார்க்கப் போனா, அது கவனிக்காதப்போ பின்னாடி நின்னு ஒருதரம் கை தட்டிப் பாருங்க.