பேரரசன் இட்ட பெயரும் காஜியின் பேரேடும்

தமிழில் ஒரே நகரத்துக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. விவிலியம் வாசிப்போருக்கு அது எருசலேம். செய்தித்தாளில் ஜெருசலேம். முஸ்லிம்களின் மிஃராஜ் இரவுப் பயானில் கேட்கும் பெயர் பைத்துல் முகத்தஸ். முதல் இரண்டும் ஒரே வேரின் கிளைகள்; மூன்றாவதன் வேர் வேறு. அரபு மக்கள் இன்று அந்நகரைச் சொல்லும் 'அல்-குத்ஸ்' அந்த மூன்றாவது பெயரின் உடன்பிறப்பு. பேரரசுகள் மாறி மாறி ஆண்ட ஊரில் இந்தப் பெயர் ஊன்றி நின்றதற்கு இறைப்பற்று முதற்காரணம். அதற்கு அடுத்த இடத்தை ஷரீஅத் நீதிமன்றத்தின் அன்றாட எழுத்துக்குத்தான் தரவேண்டும்.

பழைய பெயரிலிருந்து தொடங்குவோம். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அந்நகரை ஆண்ட அப்தி-ஹெபா எகிப்தின் பார்வோனுக்கு எழுதிய களிமண் மடல்கள் அமர்னாவில் கிடைத்தன. அவற்றில் ஊரின் பெயர் 'உருசலிம்'. சலிம் என்பது கானானியர் வணங்கிய அந்திப்பொழுதின் தெய்வம். 'சலிம் நிறுவியது' என்பதே அறிஞர் பலர் கொள்ளும் பொருள். 'ஷாலோம்', அதாவது அமைதி, என்ற எபிரேயச் சொல்லோடு அது இணைக்கப்பட்டது பிற்காலத்தில்.

கி.பி. 130களில் ரோமப் பேரரசன் ஹத்ரியான் இந்தப் பெயரையே அழிக்க முனைந்தான். 'ஏலியா கபிதோலினா' என்று புதுப்பெயர் இட்டான். ஏலியுஸ் அவனுடைய குடிப்பெயர். கபிதோலினா ரோமின் ஜுபிடர் கோயிலைக் குறிப்பது. யூதர் எழுச்சியை அடக்கியபின் அவர்கள் ஊருக்குள் வரவே தடை விதித்தான். ஆணை நெடுநாள் பலித்தது. 325இல் கூடிய நிசேயா திருச்சங்கத்தின் விதியிலேயே அந்நகரத்து ஆயர் 'ஏலியாவின் ஆயர்' என்றுதான் குறிக்கப்படுகிறார்.

630களில் வந்த முஸ்லிம்களும் இதே பெயரை 'ஈலியா' என்று ஏற்றுக்கொண்டார்கள். கலீஃபா உமர் தந்ததாகத் தபரீ தம் வரலாற்றில் பதிந்துள்ள அடைக்கலப் பத்திரம் ஈலியா மக்களுக்கு உரியது. உயிரும் உடைமையும் தேவாலயங்களும் காக்கப்படும் என்பது அதன் சாரம். உமய்யா கலீஃபா அப்துல் மலிக் சாலையோரம் நட்ட மைல்கற்களிலும் ஈலியா என்றே இருக்கிறது. நூற்றாண்டுகள் கடந்தபின் அந்தச் சொல்லின் ரோமப் பிறப்பு மறந்துபோயிற்று. 13ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் யாகூத் அதற்கு 'இறைவனின் இல்லம்' என்று பொருள் எழுதினார். பேரரசனின் குடிப்பெயர் மக்கள் வாயில் இறைவனுக்கு உரியதாகிவிட்டது.

இதற்குள் வேறொரு பெயர் வேர் பிடித்திருந்தது. எபிரேயத்தில் அங்கிருந்த யூத ஆலயத்தின் பெயர் 'பேத் ஹமிக்தாஷ்'. அதன் அரபு இணைதான் 'பைத்துல் மக்திஸ்', நாம் சொல்லும் பைத்துல் முகத்தஸ். புனித இல்லம் என்று பொருள். ஆலயத்தின் பெயர் ஊருக்கு ஆகிவந்தது. அதே 'கு-து-ஸு' வேரிலிருந்து சுருக்கமாக 'அல்-குத்ஸ்' எழுந்தது. 10ஆம் நூற்றாண்டு புவியியல் அறிஞர் அல்-மக்திஸீ தம் ஊரையே தம் பெயராகச் சூடியவர்.

புழக்கத்துக்கு வந்த பெயரைச் சட்டம் எழுத்தில் நிறுத்தியது. 1970களில் அந்நகரின் அக்ஸா பள்ளிவாசல் அமைந்த ஹரம் வளாகத்து இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் சுமார் 900 பழம் ஆவணங்கள் வெளிப்பட்டன. மிகப் பல மம்லூக் சுல்தான்கள் ஆட்சியின் 14ஆம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்தவை. ஷாஃபி சட்டப்பிரிவைச் சேர்ந்த காஜியின், அதாவது நீதிபதியின், அலுவலகத்தோடு தொடர்புள்ளவை. சாகக் கிடப்பவரின் வீட்டுக்குச் சாட்சிகள் போய், துணிமணி, பாத்திரம், கடன் என்று ஒவ்வொன்றாக எழுதி எடுத்த பட்டியல்கள் அவற்றில் நிறைய. ஏழை விதவையின் சொத்துப் பட்டியலிலும் ஊர் 'அல்-குத்ஸ் அஷ்-ஷரீஃப்', மாண்புமிகு குத்ஸ், என்றே இடம்பெறுகிறது.

அந்தச் சட்டத்துக்கும் சுல்தானுக்கும் உள்ள உறவை ஒரு வழக்கு காட்டும். 1473இல் மழையில் யூதர் தெருவில் ஒரு வீடு இடிந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிவாசலும் ஒரு ஜெப ஆலயமும் இருந்தன. பள்ளிவாசலுக்கு வழி வேண்டும் என்று முஸ்லிம்கள் அந்த மனையைக் கேட்டார்கள். யூதர்கள் பத்திரம் காட்டினார்கள். வழக்கு ஜெப ஆலயத்தின்மீதே திரும்பியது. பழைய வழிபாட்டிடத்தைத் தொடரலாம், புதிதாய்க் கட்டக்கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே அது பழையதா புதியதா என்பதே கேள்வி ஆயிற்று. தீர்ப்பு மாறி மாறி வர, 1474இல் ஒரு கூட்டம் அதை இடித்துத் தள்ளியது. கெய்ரோவிலிருந்த சுல்தான் காயித்பாய் பொறுப்பானவர்களை வரவழைத்துத் தண்டித்து, திரும்பக் கட்ட உத்தரவிட்டார். இதை நமக்குச் சொல்பவர், பின்னாளில் அவ்வூரின் ஹன்பலி காஜியாக இருந்த முஜீருத்தீன். சட்டத்தின் பெயரால் நடந்த அத்துமீறலை ஒரு காஜியே ஒளிக்காமல் எழுதிவைத்தார் என்பதற்காக அவரை வணங்கலாம்.

1516இல் நகரம் உதுமானியர் கைக்கு வந்தது. தலைமைக் காஜி இஸ்தான்புல்லிலிருந்து வரும் ஹனஃபி பிரிவினர் ஆனார். 1530களிலிருந்து 'சிஜில்' என்னும் நீதிமன்றப் பேரேடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. ரொட்டி விலை, வீட்டு வாடகை, மணவிலக்கு, வக்ஃபு நிலம் எல்லாம் அவற்றில் உண்டு. தங்களுக்கென்று சமய மன்றங்கள் இருந்தும் யூதரும் கிறித்தவரும் காஜியிடம் வந்து பதிவு செய்தார்கள். காஜியின் முத்திரை உள்ள பத்திரம் எங்கும் செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படி மூன்று சமயத்தாரின் கொடுக்கல் வாங்கலும் 'அல்-குத்ஸ் அஷ்-ஷரீஃப்' என்ற பெயரின்கீழ் எழுதப்பட்டது. துருக்கியில் அது 'குதுஸ்-இ ஷெரிஃப்'. 1872இல் தலைநகரின் நேரடிப் பார்வையில் தனி நிர்வாகப் பகுதியானபோதும் அதே பெயர்தான்.

அந்தப் பேரேட்டு எழுத்து எல்லாருக்கும் நீதி செய்தது என்று சொல்லமாட்டேன். இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தை அரபுக் கிறித்தவர் 'கியாமா', உயிர்த்தெழுதல், என்பார்கள். முஸ்லிம் எழுத்தாளர்களும் உதுமானிய ஆவணங்களும் அதைக் 'குமாமா' என்று எழுதினார்கள். அதற்குக் குப்பை என்று பொருள். வழிபடும் உரிமையை உறுதிசெய்த ஆணையிலேயே வழிபடுவோரைப் புண்படுத்தும் சொல்லும் இருந்தது.

1967இல் நகரின் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றியபின் இஸ்ரேல் வைத்த சாலைப் பலகைகளில் அரபு எழுத்திலும் 'உர்ஷலீம்' வந்தது; பக்கத்திலேயே 'அல்-குத்ஸ்' என்றும் எழுதினார்கள். ஹத்ரியானால் நிலையாகச் செய்ய முடியாத காரியத்தை இன்றைய ஆட்சியாலும் செய்ய முடியவில்லை. பத்திரத்திலும் மணஒப்பந்தத்திலும் மரணசாசனத்திலும் தலைமுறைகள் எழுதிப் பழகிய பெயரை அரசாணையால் அகற்ற முடியாது. எபிரேயத்தில் புனித நகரம் 'ஈர் ஹகோதெஷ்'. கோதெஷும் குத்ஸும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். அந்த நகரத்தை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்க நினைப்பவர், தம் வாயால் சொல்லும் சொல்லிலேயே மற்றவரின் உரிமையையும் சொல்லிவிடுகிறார்.