வானூர்திக்கு ஏற்ற எஞ்சின் எது?



ஒரு நாள் நம் தோட்டப் பள்ளிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூங்கில் குச்சியாலும் காகிதத்தாலும் ஓர் ஆகாய விமானம் செய்து கொண்டுவந்தான். "சார், இதுக்கு எந்த எஞ்சின் வெச்சா பறக்கும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரிப்பதற்குரிய கேள்வியன்று. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் தத்தம் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். பாகங்களைப் பெட்டியோடு வாங்கி, ஓய்வு நேரத்தில் பூட்டி முடிக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான். அந்தக் கேள்விக்கு 120 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். கார் எஞ்சினில் சிலிண்டர்கள், பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் போல் வரிசையாக நிற்கும். ரேடியல் எஞ்சினில் அப்படியன்று. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தைச் சுற்றி விரிந்து நிற்பதைப் போல், நடுத்தண்டைச் சுற்றிச் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். இதனால் நடுத்தண்டு குட்டையாகிறது, எடை குறைகிறது. எல்லாச் சிலிண்டர்களும் முன்னிருந்து வரும் காற்றை நேராக வாங்கிச் சூடு தணிகின்றன. மோட்டார் சைக்கிள் எஞ்சினில் தகடு தகடாக இருக்கிறதே, அதே முறைதான்.

ஒரு வட்டத்தில் சிலிண்டர்கள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். ஏன்? தண்டு இரண்டு முறை சுற்றினால்தான் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். ஐந்து இருந்தால் 1, 3, 5, 2, 4 என்று ஒன்று விட்டு ஒன்றாக, இடைவெளி மாறாமல் வெடிக்கலாம். இரட்டைப்படையானால் அந்த ஒழுங்கு கெட்டுவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு தரப்பார் பறக்க முயன்றார்கள். ஒருவர் சாமுவேல் லாங்லி. பெரும் விஞ்ஞானி, ஸ்மித்சோனியன் கழகத்தின் செயலாளர். அரசாங்கத்தின் போர்த் துறை அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. மற்றத் தரப்பார் ஆர்வில் ரைட், வில்பர் ரைட் என்னும் அண்ணன் தம்பிகள். டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள்.

லாங்லியின் உதவியாளர் சார்லஸ் மான்லி. ஸ்டீபன் பால்சர் என்பவர் தொடங்கிய எஞ்சினை அவர் மாற்றி அமைத்தார். அது ஐந்து சிலிண்டர் கொண்ட ரேடியல் எஞ்சின். தண்ணீரால் குளிர்விக்கப்பட்டது. தண்ணீரோடு சேர்த்து எடை சுமார் 200 ராத்தல். சக்தியோ 52 குதிரை சக்தி. அதாவது ஒரு குதிரை சக்திக்கு நான்கு ராத்தல்தான். அந்தக் காலத்துக்கு அது அதிசயமான எஞ்சின்.

ரைட் சகோதரர்கள் எஞ்சின் கேட்டுப் பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டபடி செய்து தர எவரும் முன்வரவில்லை. ஆகவே தங்கள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சார்லி ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். துண்டுக் காகிதத்தில் வரைந்த படம், ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளை போடும் இயந்திரம், சில கைக்கருவிகள். இவ்வளவுதான் அவரிடம் இருந்தன. எஃகுத் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, உளியால் தட்டி வேண்டாத பகுதியை நீக்கி, பிறகு கடைந்து நடுத்தண்டைச் செய்தார். ஆறே வாரத்தில் எஞ்சின் தயார். நான்கு சிலிண்டர்கள், 12 குதிரை சக்தி, எடை சுமார் 180 ராத்தல். மான்லியின் எஞ்சின் பக்கத்தில் வைத்தால் இது மிக எளியது.

எது வென்றது? லாங்லியின் விமானம் 1903 அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும், படகு வீட்டின் கூரையிலிருந்து ஏவப்பட்டது. இரண்டு முறையும் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. அதை ஓட்டிய மான்லி இரண்டாம் முறை குளிர்நீரில் சிக்கி உயிர் தப்பியதே பெரிது. எஞ்சின் பழுதாகவில்லை, விமானத்தின் உடம்புக்குத்தான் வலு போதவில்லை. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ஆம் நாள், சார்லி டெய்லரின் எளிய எஞ்சின் ரைட் சகோதரர்களைத் தூக்கிச் சென்றது. முதல் முறை 12 விநாடி, 120 அடி. அன்றைய கடைசிப் பறப்பு 59 விநாடி, 852 அடி. தங்கள் இறக்கைக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று அவர்கள் முன்னமே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். எஞ்சின் அந்தக் கணக்குக்குப் பொருந்தியது.

அடுத்து 1909. இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் பிரான்சில் போட்டி. ஹூபர்ட் லாதம் 50 குதிரை சக்தி கொண்ட நேர்த்தியான ஆன்ட்வானெட் எஞ்சினோடு ஜூலை 19ஆம் நாள் புறப்பட்டார். நடுவழியில் எஞ்சின் நின்றது, கடலில் இறங்கினார். லூயி பிளேரியோ தம் விமானத்தில் முதலில் வேறோர் எஞ்சின் வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சின் செய்து பெயர் பெற்ற அன்சானியின் எஞ்சினைப் பூட்டினார். மூன்று சிலிண்டர்கள் விசிறிபோல் விரிந்து நிற்கும். அரை ரேடியல் என்று சொல்லலாம். 25 குதிரை சக்திதான். எண்ணெய் கக்கும், சூடேறும். ஆனாலும் ஜூலை 25ஆம் நாள் சுமார் 37 நிமிடம் ஓடி அவரை டோவரில் சேர்த்தது.

மூன்றாவது, 1927. நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் பறக்க வேண்டும். முந்தைய ஆண்டு செப்டம்பரில் ரெனே போன்க்கின் மூன்று எஞ்சின் விமானம் பாரம் தாங்காமல் ஓடுபாதையின் முடிவில் தீப்பற்றியது, இருவர் மாண்டனர். 1927 ஏப்ரலில் இன்னொரு மூன்று எஞ்சின் விமானம் சோதனையில் விழுந்து, மேலும் இருவர் மாண்டனர். சார்லஸ் லிண்ட்பெர்க் ஒரே எஞ்சின் போதும் என்றார். எஞ்சின் மூன்றானால் பழுதாகும் வாய்ப்பும் மூன்று மடங்கு என்பது அவர் வாதம். அவர் தேர்ந்தெடுத்தது சார்லஸ் லாரன்ஸ் வளர்த்தெடுத்த ரைட் வேர்ல்விண்ட் ஜே-5 எஞ்சின். ஒன்பது சிலிண்டர் ரேடியல், 223 குதிரை சக்தி. காற்றால் குளிர்வது, ஆகவே தண்ணீர்க் குழாயும் இல்லை, ஒழுகும் கவலையும் இல்லை. மே 20, 21 ஆகிய நாள்களில் முப்பத்து மூன்றரை மணி நேரம் அது நிற்காமல் ஓடியது. ஒன்றைக் கவனியுங்கள், நேயர்களே. ஏப்ரலில் விழுந்த விமானத்திலும் இதே வகை எஞ்சின்கள்தாம் இருந்தன! எஞ்சின் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பது இதனால் விளங்குகிறது.

இன்று வீட்டில் விமானம் கட்டுவோர்க்குப் புதிய ரேடியல் எஞ்சின்களும் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ரோடெக்கும் செக் நாட்டின் வெர்னரும் அத்தகையவை. அவற்றின் அழகும் ஒலியும் பலரை மயக்கும். ஆனால் அனுபவசாலிகள் முதலில் கேட்பது இவை: இதன் எடையை விமானத்தின் மூக்கு தாங்குமா? அகன்ற முகம் காற்றைத் தடுக்குமே, வேகம் குறையாதா? ஓட்டுபவருக்கு முன்பக்கம் தெரியுமா? உதிரிப் பாகம் கிடைக்குமா? இன்னொன்றும் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். தெரியாமல் முடுக்கினால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். ஆகவே முன்விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பார்கள். இறுகினால் வலிந்து சுற்றாமல், கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிப்பார்கள். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு ரேடியல் எஞ்சின் ஏற்றதன்று.

சார்லி டெய்லர் என்ன ஆனார்? ரைட் சகோதரர்களின் புகழ் உலகெங்கும் பரவியது. சார்லியோ பின்னாளில் வறுமையில் வாடினார். 1956இல், 87ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த மே 24ஆம் நாளை விமானப் பராமரிப்புத் தொழிலாளர் நாளாக இன்று அமெரிக்காவில் கொண்டாடுகிறார்கள். மரியாதை வந்தது; அவர் இருக்கும்போது வரவில்லை.

பெற்றோர்களே, நம் தோட்டத்து ஆலையில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் கை, பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டும் கை, இவையும் சார்லியின் கையைப் போன்றவையே. உங்கள் பிள்ளை எதையேனும் கழற்றிப் போட்டால், அடிக்குமுன் அவன் என்ன கேட்கிறான் என்று கேளுங்கள்.

அந்த மாணவனுக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, முதலில் உன் விமானத்தை நிறுத்துப் பார். எஞ்சினை அப்புறம் தேடலாம்." மறுநாள் கடைக்காரர் தராசில் அதை நிறுத்து, எடையை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான். அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.