'பிரீ' என்னும் சொல்லும் நம் முன்னோரும்

ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் பெயரடைகளுள் 'பிரீ' என்பது ஒன்று. அடிமையல்லாத மனிதனும் பிரீ. காசின்றிக் கிடைக்கும் பொருளும் பிரீ. வேலையற்ற ஓய்வு நேரமும் பிரீ. வரியில்லாத துறைமுகமும் பிரீ. இத்தனை பொருள் தரும் இச்சொல் ஜொகூர் மண்ணிலும் மலாயாத் தமிழர் வரலாற்றிலும் எவ்வாறு வழங்கிற்று என ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலில் சொல்லின் பிறப்பை நோக்குவோம். பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் வேர் 'அன்புக்குரிய' என்னும் பொருளது. வடமொழியின் 'பிரிய' என்பதும், நண்பனைக் குறிக்கும் ஆங்கிலப் 'பிரெண்டு' என்பதும் இதற்கு உறவு என மொழிநூலார் காட்டுவர். குடும்பத்தில் அன்புக்குரிய உறவினர் ஒருபாலும் அடிமைகள் மறுபாலும் வாழ்ந்த சமுதாயத்தில், 'அன்புக்குரியவர்' என்பது 'அடிமையல்லாதவர்' எனப் பொருள் பெயர்ந்தது என்பர். 'விலையில்லாத' என்ற பொருள் பிற்காலத்தது.

இச்சொல்லுக்கும் ஜொகூருக்கும் தொடர்பு 1819-ல் ஏற்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் சுல்தான் உசேனும் தெமெங்கோங் அப்துல் ரகுமானும் ராபிள்சுடன் உடன்படிக்கை செய்தனர். ஜொகூருக்குரிய சிங்கப்பூர்த் தீவு 'பிரீ' துறைமுகமாயிற்று. அதாவது, சரக்குக்குச் சுங்கவரி இல்லை. அதே துறைமுகத்தில் 1825 முதல் இந்தியக் கைதிகள் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். சரக்குக்குக் கிடைத்த 'பிரீ' மனிதருக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்த் தொழிலாளரின் வருகையில் இச்சொல்லின் இரு பொருள்களும் பின்னிக் கிடக்கின்றன. சஞ்சிக்கூலியாக வந்தவர் பயணச் செலவுக்குக் கடன்பட்டு, குறித்த காலம் ஒரே முதலாளியிடம் உழைக்கக் கட்டுண்டவர். இடையே விலகினால் தண்டனை உண்டு. 'சஞ்சி' என்பது ஒப்பந்தத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. 1907-ல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டது. தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் செலுத்திய தொகையைக் கொண்டு அது பயணச் செலவை ஏற்றது. 1910-ல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. பின்னர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவருக்குப் பயணம் 'பிரீ'; கரையிறங்கியபின் அவரே 'பிரீ' தொழிலாளர்.

1909-ல் ஜொகூரின் ஊடே இரயில் பாதை அமைந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கும் தமிழர் குடியேறினர். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து தொழிலாளர் விலகலாம் என்பது மலாயாச் சட்டம். நடைமுறையோ வேறு. குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீடும் இல்லை. தன் கும்பலில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே ஒருவர் விலகினால் இழப்பு அவருக்கே. கடைக்கடன் வேறு காலைக் கட்டிற்று. இலவசக் கப்பற்பயணமும் தருமம் அன்று. ஆட்கள் தாராளமாக வந்தால் கூலி உயராது என்பதை முதலாளிகள் நன்கறிந்திருந்தனர். 1938-ல் இந்திய அரசாங்கம் பிறர் செலவில் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுத்தபோது அந்தப் 'பிரீ' பயணம் முடிவுற்றது.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை மலாய்மொழி பிரித்து வைத்திருக்கிறது. 1957 ஆகஸ்டு 31-ல் நாடெங்கும் முழங்கிய 'மெர்டேக்கா' என்பது, பெருவளமுடைய எனப் பொருள்படும் 'மஹர்த்திக' என்ற வடசொல்லின் வழி வந்து, இத்தீவுகளில் அடிமைத்தளை நீங்கியவனைக் குறித்தது. காசின்றிக் கிடைப்பதோ 'பெர்ச்சுமா'. அதனுள் உள்ள 'சுமா' நம் 'சும்மா'தான் என்பர் ஆய்வாளர். தமிழிலும் விடுதலை வேறு, இலவசம் வேறு.

ஆகவே, பழைய ஆங்கில ஆவணங்களில் நம் முன்னோரைப் 'பிரீ' தொழிலாளர் எனக் காணும்போது அதனைச் 'சுதந்திரத் தொழிலாளர்' எனப் பெயர்த்துவிடுதல் பொருந்தாது. 'சஞ்சியற்ற தொழிலாளர்' என்பதே நேரிய பெயர்ப்பு. ஏட்டில் இருந்த ஒரு கட்டு அவிழ்ந்தது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எஞ்சிய கட்டுகளை அவர்களும் அவர்தம் மக்களும் தம் உழைப்பாலும் போராட்டத்தாலுமே ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியிருந்தது. அதை எவரும் அவர்களுக்குச் சும்மா தரவில்லை.