அசலும் நகலும்: ஒரு கைவிளையாட்டுப் பெட்டியின் வரலாறு

அசல், நகல் என்னும் இரு சொற்களையும் நாம் நாள்தோறும் வழங்குகிறோம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அசல் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் நகல் கேட்கிறார்கள். கடைத்தெருவில் இது அசல்தானா என்று நாமே கேட்கிறோம். இவ்விரண்டும் அரபு மொழி நமக்குத் தந்த சொற்கள். ‘அஸ்ல்’ என்றால் வேர். ‘நக்ல்’ என்றால் ஓரிடத்தில் இருப்பதை எடுத்துச் சென்று மற்றோரிடத்தில் சேர்த்தல். ஆக, நகல் என்ற சொல்லின் பிறப்பிலே பழி எதுவும் இல்லை. அது போலி என்ற பொருளை எப்போது ஏற்கிறது? இக்கேள்விக்கு விடை தேடப் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டியின் வரலாறே போதும்.

1990களில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் சிறுவர்களாய் இருந்தோர் அப்பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கடைவீதியில் தற்காலிகக் கடைகள் முளைக்கும். வளையலும் சுர்மாவும் அத்தரும் தொப்பியும் விற்கும் அந்த வரிசையில், பளபளக்கும் அட்டைக்குள் அதுவும் இருக்கும். மேலே சாம்பல் நிறத் திரை; கீழே நான்கைந்து பொத்தான்கள்; முதுகுப்புறம் பென்சில் பேட்டரிகள். பெரியவர்கள் கொடுத்த பெருநாள் காசு கைக்கு வந்ததும் பிள்ளைகளின் கால்கள் தாமாகவே அங்கே சென்று நிற்கும். அதன் மேல் ‘பிரிக் கேம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நம் பிள்ளைகளோ அதனை ‘வீடியோ கேம்’ என்றே அழைத்தனர். ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலும் போதும். முறை வைத்து ஆடுவார்கள். ஆட்டம் முற்றிப் பாடம் கெடும்போது தாய்மார்கள் பேட்டரிகளைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததையும் நாம் கண்டதுண்டு.

அப்பெட்டியின் மேல் இன்னொரு வரியும் இருந்தது: 9999 விளையாட்டுகள்! இதனை நம்பி, ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்கிய பிள்ளைகளும் உண்டு. எண்ணியவர்களுக்கு விரைவிலேயே உண்மை விளங்கிற்று. விழும் கட்டைகளை அடுக்குவது, பாம்பை வளர்ப்பது, வண்டியோட்டுவது, பீரங்கியால் சுடுவது, தவளையைச் சாலை கடக்கச் செய்வது என ஒரு சில விளையாட்டுகளே அதனுள் இருந்தன. அவற்றின் வேகத்தையும் படிநிலையையும் சிறிது சிறிதாய் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய எண் கொடுத்திருந்தார்கள். அட்டை முழுவதும் தேடினாலும் செய்தவர் பெயர் கிடைக்காது. சீனாவில் செய்யப்பட்டது என்ற வரிதான் அதன் முகவரி.

பெயரற்ற இப்பொருளின் வேர் எங்கே இருக்கிறது? அதைத் தேடிச் செல்வோர் முதலில் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

1973ஆம் ஆண்டில் ஷார்ப் நிறுவனம் திரவப் படிகத் திரை பொருத்திய கால்குலேட்டரை வெளியிட்டது. தொடர்ந்து எழுந்த கடும் போட்டியில் கால்குலேட்டரின் விலை சரிந்தது. அதன் உறுப்புகளும் மலிந்தன. அக்காலத்தில் நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் என்னும் பொறியாளர் பணியாற்றி வந்தார். ஒருநாள் இரயிலில், பொழுது போகாத பயணி ஒருவர் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டதாகச் சொல்வர். அதிலிருந்து பிறந்ததே ‘கேம் அண்டு வாட்ச்’ என்ற கைவிளையாட்டு வரிசை. முதற்கருவி 1980 ஏப்ரலில் வந்தது. அவ்வரிசை உலகெங்கும் 4 கோடியே 34 லட்சம் விற்றது. புதிய நுட்பத்தைத் தேடி ஓடாமல், பழகி மலிந்துபோன நுட்பத்துக்குப் புதிய பயன் காண வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை.

இத்திரை வேலை செய்யும் முறையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே திரவப் படிகம் நிரப்பப்பட்டிருக்கும். திரையில் தோன்ற வேண்டிய உருவங்கள் யாவும் முன்னரே அச்சு வார்த்தாற்போல் அமைக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் கொடுத்த பகுதி கருமையாய்த் தெரியும். கொடாத பகுதி மறைந்து நிற்கும். ஓடுவது போல் தோன்றும் பொம்மை உண்மையில் ஓடுவதில்லை. ஐந்தாறு இடங்களில் நிற்கும் ஐந்தாறு உருவங்கள் மாறி மாறி ஒளிந்து தெரிகின்றன, அவ்வளவே. அமைப்பு இத்துணை எளிதாயிருந்ததால் அதனைப் பார்த்துச் செய்வதும் எளிதாயிற்று.

பார்த்துச் செய்தவர்களில் பெயர் பெற்றது சோவியத் நாடு. 1984 முதல் அங்கே ‘எலெக்ட்ரோனிகா’ என்ற பெயரில் ஒரு விளையாட்டு 25 ரூபிள் விலைக்கு வந்தது. உருண்டு விழும் முட்டைகளை ஓநாய் ஒன்று கூடையில் பிடிக்க வேண்டும். நின்டெண்டோ 1981இல் வெளியிட்ட முட்டை விளையாட்டின் நேர் நகல் அது. உள்ளே இருந்த சில்லும் ஷார்ப் நிறுவனத்தின் சில்லைப் பார்த்துச் செய்ததே. ஓநாய் மட்டும் சோவியத் பிள்ளைகள் அறிந்த கார்ட்டூன் படத்து ஓநாயாக மாறியிருந்தது. ஆயிரம் புள்ளிகள் எடுத்தால் திரையில் கார்ட்டூன் படமே ஓடும் என்று அந்நாட்டுச் சிறுவர் நம்பினார்கள். அப்படி எதுவும் ஓடவில்லை. நம்மூர்ப் பிள்ளைகள் 9999ஐ எண்ணியதும் அவர்கள் ஆயிரத்தை எட்ட முயன்றதும் ஒரே குழந்தை மனத்தின் செயல்களன்றோ!

அதே 1984ஆம் ஆண்டில், அதே மாஸ்கோவில், வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் என்பவர், விழும் கட்டைகளை அடுக்கும் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை ஆக்கினார். அவர் பயன்படுத்திய ‘எலெக்ட்ரோனிகா 60’ என்ற கணினி, அமெரிக்கக் கணினி ஒன்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. படம் வரையும் ஆற்றல் அதற்கு இல்லாததால் அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளை உருவாக்கினார். நகலின் மடியிலே ஓர் அசல் பிறந்தது! நகல் எடுப்போரெல்லாம் சிந்தனை வறண்டவர்கள் என்று பேசுவோருக்கு இது தக்க மறுமொழியாகும்.

ஆனால் படைத்தவருக்குக் கிடைத்தது என்ன? உரிமையைச் சோவியத் அரசு நிறுவனமே கையாண்டது. 1989இல் ஹென்க் ரோஜர்ஸ் என்ற வணிகர் மாஸ்கோவுக்குச் சென்று, கையடக்கக் கருவிகளில் டெட்ரிஸை வெளியிடும் உரிமையை முறைப்படி பெற்றார். அவ்வாண்டு வெளிவந்த நின்டெண்டோவின் ‘கேம் பாய்’ கருவியோடு அவ்விளையாட்டு உலகைச் சுற்றியது. கேம் பாயை உருவாக்கியோரில் தலையானவர் நாம் மேலே கண்ட அதே யோகோய். இவ்வளவு நடந்தும், பஜித்னோவ் தம் படைப்புக்கு உரிய பங்கைப் பெறத் தொடங்கியது 1996இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள்!

இப்போது நம் பெருநாள் கடைப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். குறுக்கே 10, நெடுக்கே 20 என 200 கட்டங்கள் கொண்ட திரை. கால்குலேட்டர் தந்த மலிவு நுட்பம். உள்ளே பசைக் குமிழுக்கு அடியில் ஒரே ஒரு சில்லு. தைவான் நாட்டு ஹோல்டெக் நிறுவனத்தின் சில்லுகள் சில பெட்டிகளில் காணப்பட்டிருக்கின்றன. அதில் ஓடுவது பஜித்னோவின் விளையாட்டு. யோகோயின் வழியும் பஜித்னோவின் கற்பனையும் அந்தப் பெட்டியில் சந்திக்கின்றன. இருவர் பெயரும் அதில் இல்லை.

அப்பெட்டி எவ்வாறு நம் ஊர்களை எட்டிற்று? வெளிநாட்டு நுகர்பொருள்கள் தடையின்றி இறக்குமதியாவதை அந்நாளைய இந்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரல் முதல் நாளில்தான். அதுவரை வெளிநாட்டினின்று ஊர் திரும்புவோரின் பெட்டிகளும், பர்மாவிலிருந்து திரும்பியோர்க்காக 1969இல் சென்னையில் அமைந்த பர்மா பஜாரும், மின்னணுப் பொருள்களுக்குப் பெயர் போன ரிச்சி தெருவுமே இத்தகைய பொருள்களின் வாயில்களாய் இருந்தன. சென்னையிலிருந்து காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி என்று இரயில் நிற்கும் ஊர்கள்தோறும் அங்காடிப் பொருள் இறங்கியதில் வியப்பில்லை. 2001க்குப் பின் வாயில் திறந்தது. 2009 ஜனவரியில் பாதுகாப்பு கருதிச் சீன விளையாட்டுப் பொருள்களுக்கு இந்தியா தடை விதித்து, சில வாரங்களில் சோதனைச் சான்றுடன் அனுமதித்தது. 2020இல் இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60க்கு உயர்த்தி, 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் கட்டாயமாக்கியது. ஆனால் அதற்குள் கைப்பேசி வந்து, பெட்டியின் காலத்தை முடித்துவிட்டிருந்தது.

இந்த வரலாற்றை நம் தோல் வட்டாரத்தார் தூரத்துச் செய்தியாய்ப் படிக்க முடியாது. ஏனெனில் பார்த்துச் செய்தல் நமக்கும் தொழில். முன்னர் நம் ஊர்கள் பாதி பதனிட்ட தோலையே கப்பலேற்றின. 1972இல் சீதாராமய்யா குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1973 முதல் அவ்வேற்றுமதிக்கு அரசு வரம்பு கட்டிற்று. அதன் பின்னரே முழுமையாய்ப் பதனிட்ட தோலும், காலணியின் மேற்பகுதியும், இறுதியில் முழுக் காலணியும் இங்கே உருவாகலாயின. ஐரோப்பாவிலிருந்து மாதிரிக் காலணி வருகிறது. அதைப் பிரித்து, அளவெடுத்து, தோலை வெட்டி, தைத்து, அசலோடு வைத்து ஒப்பிட்டு, நூலிழை பிசகாமல் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்புகிறார்கள். தைக்கும் கைகளில் பெருந்தொகை பெண்களின் கைகள். காலணியின் உள்ளே பொறிக்கப்படுவது வேற்று நாட்டு வணிகப் பெயர்.

அப்படியானால் ஆம்பூர்க் காலணியும் பிரிக் கேமும் ஒன்றா? ஒன்றல்ல. வேற்றுமை கைத்திறனில் இல்லை. அனுமதியில் இருக்கிறது; சீட்டில் எழுதியிருப்பது மெய்யா என்பதில் இருக்கிறது.

இவ்வேற்றுமையை உணர்த்தும் மரபு நம் வட்டாரத்திலேயே உண்டு. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மத்ரஸா இருக்கிறது. ஆம்பூரை அடுத்த உமராபாத்தில், தோல் வணிகர் காகா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய தாருஸ் ஸலாம் இருக்கிறது. அங்கெல்லாம் மார்க்கக் கல்வி ‘நக்ல்’ வழியாகவே வந்து சேர்கிறது. ஹதீஸை எடுத்துரைப்பவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற தொடர் வேண்டும். அதற்கு இஸ்நாத் என்று பெயர். பிறர்க்குக் கற்பிக்க ஆசிரியரின் இசைவு வேண்டும். அதற்கு இஜாஸா என்று பெயர். இன்றைய வணிகம் ‘லைசென்ஸ்’ என்று எதைச் சொல்கிறதோ, அதற்கு மிக நெருங்கிய கருத்து நம் மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வருகிறது. தொடரும் இசைவும் உள்ள நகல் ஓர் அமானிதம். அவை இரண்டும் அற்ற நகல் போலி.

சட்டமும் இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது. டெட்ரிஸைப் போலச் செய்த நிறுவனம் ஒன்றின் மீது தொடரப்பட்ட வழக்கில், 2012ஆம் ஆண்டு அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டின் விதி என்பது கருத்து. அதற்கு எவரும் பதிப்புரிமை கோர இயலாது. அக்கருத்துக்கு ஒருவர் கொடுத்த தோற்றத்தை அப்படியே எடுத்தாள்வது குற்றம். கட்டைகளின் வடிவமும், 10க்கு 20 என்ற களத்தின் அளவும் அத்தோற்றத்தில் அடங்கும் என்று அம்மன்றம் கண்டது.

ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி ஏது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. கேம் பாய் அமெரிக்காவில் ஏறக்குறைய 90 டாலருக்கு விற்றது. தோல் தொழிலாளியின் வீட்டில் அதை நினைக்கவும் முடியாது. மலிவுப் பெட்டி அப்பிள்ளைக்கும் உலகத்தோடு ஒத்து விளையாடும் மகிழ்ச்சியைத் தந்தது. அம்மகிழ்ச்சியை நாம் குறை கூற மாட்டோம். மலிவு குற்றமன்று, யோகோயின் பெருமையே மலிவில்தான் இருக்கிறது. குற்றம் இரண்டு: படைத்தவன் பெயரை மறைத்தது ஒன்று, சிலவற்றை 9999 என்று எழுதியது மற்றொன்று. முதலாவது தொலைவில் இருந்த ஒருவருக்கு இழைத்த தீங்கு. இரண்டாவது, பெருநாள் காசோடு எதிரில் நின்ற பிள்ளைக்கே இழைத்த தீங்கு. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று கற்ற சமுதாயத்தின் கடைவீதியில் அந்த எண் பல ஆண்டுகள் தொங்கிற்று. விற்றவரும் கேட்கவில்லை, வாங்கிக் கொடுத்த நாமும் கேட்கவில்லை.

பகலெல்லாம் பிறர் பெயர் பொறித்த காலணியைத் தைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாய். திண்ணையில் எவர் பெயரும் அற்ற பெட்டியோடு அமர்ந்திருக்கும் மகன். நாம் பல முறை கண்ட காட்சி இது. உழைத்தவர் பெயர் பொருளில் தெரியாமல் போவது எத்தகையது என்பதை அத்தாயை விட அறிந்தவர் யார்? அதனால்தான் சொல்கிறோம்: இன்றும் ஒரு பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன், இதைச் செய்தவர் யார் என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுப்போம். நம் ஊர்க் கைகள் உலகத்திடம் எதிர்பார்க்கும் கேள்வியும் அதுவே.