ஆசிரியர் கையில் சமூக ஊடகம்: தனக்குக் கற்க எது, வகுப்புக்கு எது?

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலேயே நம் கைபேசியில் ஒரு புதிய வாட்ஸ்அப் குழு முளைத்துவிடுகிறது. வீட்டுப்பாடம், கட்டணத் தேதி, மழை விடுமுறை எல்லாம் அதில்தான் வருகின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தைக்கும் பிள்ளையின் படிப்பு அதன் வழியாகத்தான் தெரிகிறது. ஆசிரியர்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தலாமா என்று இனிக் கேட்டுப் பயனில்லை. எதற்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தாங்களே கற்றுக்கொள்ள இது நல்ல வழி. 2009இல் ஷெல்லி டெரெல், டாம் விட்பி, ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற மூன்று கல்வியாளர்கள் ட்விட்டரில் 'எட்சாட்' என்ற ஹேஷ்டேக்கைத் தொடங்கினார்கள். வாரந்தோறும் குறித்த நேரத்தில் ஒரு தலைப்பு, அதன் மேல் பல ஊர் ஆசிரியர்களின் பேச்சு. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் குறிப்பெடுக்கும் பயிற்சி வகுப்பு அல்ல அது. பின்னங்களை எப்படிப் புரியவைப்பது என்று ஒருவர் கேட்டால், அதையே வகுப்பில் நடத்திப் பார்த்த இன்னொருவர் பதில் சொல்வார். சிறிய பள்ளியில் கணக்குக்கு ஒரே ஓர் ஆசிரியர் இருப்பார். சந்தேகம் கேட்க அந்தப் பாடத்தில் பக்கத்தில் ஆள் இல்லை. அவருக்கு இப்படிப்பட்ட குழு பெரிய துணை. நம் ஊர் ஆசிரியர்கள் இதே வேலையை வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் செய்கிறார்கள்.

யூடியூபின் கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவில் வசிக்கும் சல்மான் கான் (நடிகர் அல்ல, தந்தை வழியில் வங்கதேச வேர் உள்ளவர்) 2004இல் வேறு ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். 2006இல் அந்தப் பாடங்களை யூடியூபில் போடத் தொடங்கினார். கான் அகாடமி பிறந்தது அப்படித்தான். நிறுத்தி, திருப்பி, வெட்கப்படாமல் பத்துத் தடவை கேட்கலாம் என்பது மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உதவி! தமிழக அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன.

சிக்கல் வருவது வகுப்புக் குழுவில்தான். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால், தாய்மார்களின் எண்களும் சில வீடுகளில் அக்காவின் எண்ணும் முன்பின் தெரியாத எண்பது பேர் கைக்குப் போகின்றன. நேரம் கெட்ட நேரத்தில் ஒரு 'ஹாய்' வந்த பிறகுதான் பலர் இதை உணர்கிறார்கள். 'அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று அமைத்தால் தேவையற்ற குட்மார்னிங் படங்கள் நிற்கும், எண்கள் மறையாது.

இதற்கு எளிய மாற்று ப்ராட்காஸ்ட் லிஸ்ட். ஆசிரியர் ஒரே செய்தியை 256 பேர் வரை அனுப்பலாம். அது தனிச் செய்தியாக வந்து சேரும், வேறு யாருக்கு அனுப்பினார் என்பது தெரியாது. ஆசிரியரின் எண்ணைப் பெற்றோர் தங்கள் கைபேசியில் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்தி வராது. முழுப் பள்ளிக்கும் அறிவிப்பு என்றால் 2022இல் வந்த கம்யூனிட்டி வசதியின் அறிவிப்புக் குழு பொருந்தும். அதில் பெற்றோரின் எண் அட்மின்களுக்குத் தெரியும், மற்றப் பெற்றோருக்குத் தெரியாது. 2023இல் வந்த சேனலிலும் எண் மறைந்திருக்கும். ஆனால் அது பொது இடம் போன்றது, வெளியாளும் தேடிப் பார்க்கலாம். ஆண்டு விழாவில் எடுத்த பிள்ளைகளின் படங்களை அங்கே போடுவது சரியல்ல.

யூடியூபிலும் இதே கவனம் தேவை. 'அன்லிஸ்டட்' என்று ஏற்றிய காணொளி தேடலில் வராது. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். பிள்ளைகளின் முகம் தெரியும் வகுப்புப் பதிவுக்கு அது போதாது.

ஒரே தளத்தை நம்பி எல்லாவற்றையும் அதில் வைப்பதும் ஆபத்து. 2008இல் தொடங்கிய எட்மோடோ, ஆசிரியர்களும் மாணவர்களும் பேசிக்கொள்வதற்கென்றே உருவான தளம். 2017இல் அதன் கோடிக்கணக்கான பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. 2022 செப்டம்பரில் தளமே மூடப்பட்டது. பல ஆண்டுப் பாடக் குறிப்புகளை அதில் வைத்திருந்தவர்கள் அவசரமாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பாடத்தின் ஒரு படியைக் கணினியிலோ பென்டிரைவிலோ வைத்திருந்த ஆசிரியருக்கு அந்த அவசரம் இருந்திருக்காது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படம் எடுக்கும் முன், எண்ணைக் குழுவில் சேர்க்கும் முன் பள்ளி நம்மிடம் கேட்பதுதான் முறை. கேட்கவில்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் நாமே கேட்கலாம்: குழுவுக்கு அட்மின் யார்? பிள்ளையின் படம் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? கல்வியாண்டு முடிந்ததும் குழுவைக் கலைப்பீர்களா? கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறோம். பிள்ளை வேறு பள்ளிக்கு மாறிய பிறகும் பழைய வகுப்புக் குழுவில் நம் எண் அப்படியே கிடக்கிறது.